இரண்டு அங்குல வயர்

நான்கு மாதமாக அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. இந்தத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இது பழைய செய்தி. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கட்டிய வீட்டில் இப்போது மகளும் மருமகனும் அவரோடு இருக்கிறார்கள். மகள்தான் நம் அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர், தம்பிக்கு மாமா, லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் குடித்தனம். தம்பி வயர்மேன். கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருக்கிறான். ஆனாலும் அந்தத் தெருவில் யார் வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அக்காவுக்குத் தம்பியாக இருந்தவன் நாளடைவில் தெருவுக்கே தம்பியாகிவிட்டான்.

வீட்டு வயரிங்குக்கும் அதே நாற்பத்தைந்து வயது. மரச்சட்டத்தில் ஆணியடித்து இழுத்த பழைய வயர். விரலால் தொட்டால் மேலுறை பொடிப்பொடியாக உதிரும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம், முறையாக எர்த்தும் போட்டுவிடலாம் என்று மாமா ஒரு கான்ட்ராக்டரை அழைத்து வந்தார். அவ்வளவுதான், தம்பி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். பதினைந்து வருஷமாக இந்த வீட்டு கரண்ட்டைப் பார்த்துக்கொள்கிறவன் நான், என் கை மேல் நம்பிக்கை இல்லையா என்றான். அப்பா மகன் பக்கம் சாய்ந்தார். கான்ட்ராக்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாமா லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உன் ரோஷத்துக்கு எங்கள் வீடுதான் கிடைத்ததா என்று அக்கா கேட்டாள். அன்றோடு நின்ற பேச்சுதான்.

அவன் ஏன் அப்படிக் குதித்தான் என்று யாரும் தோண்டவில்லை. ரோஷம் என்று விட்டுவிட்டார்கள். ரோஷமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது.

*

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. தம்பி வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கில் ஒரு பெரிய மோட்டார் பழுதாகிக் கிடந்தது. ஃபிட்டர் உள்ளே தவழ்ந்து போய் அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். தம்பி வெளியே பேனல் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகியிருந்தான். உள்ளே ஆள் இருக்கிற வரைக்கும் அந்தச் சாவி அவனை விட்டு நகரக் கூடாது. கிடங்கில் அது சட்டம். சட்டம் என்று வந்துவிட்டால் தம்பி படு கறார். போன வருஷம் பூட்டு போடாமல் பேனலில் கை வைத்த ஒருவனை, மேனேஜர் எதிரிலேயே கிழி கிழி என்று கிழித்தவன்.

போன் அடித்தது. திரையில் அக்கா என்று வந்ததை அவன் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்.

அவள் வார்டிலிருந்து பேசினாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. மூன்று நாளாக வீட்டில் லைட் மங்கி மங்கி எரிகிறது, ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் ஃபேன் சோர்ந்துவிடுகிறது, மாமா ஊரில் இல்லை, வேறு யாரையாவது கூப்பிடலாம் என்றால் என் பையன் வந்து பார்ப்பான் என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார், அதனால்தான் போன் செய்கிறேன், இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டேன் என்றாள். கடைசி வாக்கியத்தில் அழுத்தம் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றான் தம்பி. அவனும் குரலை விறைப்பாகத்தான் வைத்துக்கொண்டான்.

"இப்ப சுத்தமா போயிடுச்சு. பத்து நிமிஷம் முன்னாடி அப்பா போன் பண்ணாரு," என்றாள் அக்கா. "தெருவுல எல்லா வீட்டுலயும் கரண்ட் இருக்காம், நம்ம வீட்டுல மட்டும் இல்லையாம். டெஸ்டர் வச்சுப் பாத்தா ரெண்டு ஓட்டையிலயும் எரியுதாம். ஆனா ஒரு லைட்டும் எரியலையாம். இது என்ன கூத்துன்னு எனக்குப் புரியல."

தம்பிக்குப் புரிந்தது.

"அப்பா இப்ப என்ன பண்றாரு?"

"வாஷிங் மெஷின்ல போட்ட துணி பாதியில நிக்குது. கரண்ட்தான் இல்லையே, கையாலயே எடுத்துப் பிழிஞ்சு காயப் போட்டுடறேன்னாரு. குளிச்சிட்டு வந்து செய்யறேன்னாரு. ஏன் கேக்கற?"

மெஷினைத் தொட வேண்டாம் என்று உடனே சொல், நானும் கூப்பிடுகிறேன் என்றான். கரண்ட் இல்லாத மெஷினைத் தொட்டால் என்ன என்று அவள் கேட்டாள். சொல்வதைச் செய் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். காரணத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

*

காரணம் இரண்டு அங்குல நீளம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த வாஷிங் மெஷின் வீட்டுக்கு வந்தது. பழைய வீடு, எர்த் வயர் என்பதே கிடையாது. மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றாள் அக்கா. கொல்லையில் குழி வெட்டி, எர்த் புதைத்து, அங்கிருந்து வயர் இழுத்து வர வேண்டும். அரை நாள் வேலை. தம்பிக்கு அன்று வேறு இடத்தில் ஆள் காத்துக்கொண்டிருந்தார்கள். பிளக் பாயின்ட்டைக் கழற்றினான். நியூட்ரல் முனையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் முனையில் முடுக்கினான். சுர்ரென்றது நின்றுவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து ஒழுங்காகப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினான்.

உங்கள் வீட்டில் கரண்ட் ஒரு கம்பியில் வருகிறது, இன்னொரு கம்பியில் திரும்பிப் போகிறது. திரும்பிப் போகிற கம்பிதான் நியூட்ரல். அது நன்றாக இருக்கிற வரைக்கும் தம்பியின் துண்டு வயர் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அது எங்கேயாவது அறுந்தால் வீட்டில் ஒரு விளக்கும் எரியாது. ஆனால் வந்த கரண்ட் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நிற்கும். எங்கோ ஒரு லைட் சுவிட்ச் போட்டபடி இருந்தால் போதும், அது அந்தத் துண்டு வயர் வழியாக மெஷினின் தகரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவருக்குக் கரண்ட் போன வீடு. ஈரக் கையோடு தொடுகிறவருக்கு அப்படி இல்லை.

இது தப்பு என்று தம்பிக்குப் போடும்போதே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. நாலு மாதத்துக்கு முன்னால் கான்ட்ராக்டர் ஏணியோடு வந்து நின்றபோது அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பிளக் பாயின்ட்தான். அதை இன்னொரு வயர்மேன் திறந்து பார்த்தால் என்ன நினைப்பான்? அதற்குத்தான் அவ்வளவு குதியும்.

*

அப்பா போனை எடுக்கவில்லை. குளிக்கும்போதும் துணி அலசும்போதும் காதுக்கருவியைக் கழற்றி முன்னறை மேஜையில் போனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவார். இரண்டும் ஜோடியாக அங்கே கிடக்கும், அவர் கொல்லைப் பக்கம் நிம்மதியாக இருப்பார்.

தம்பி கிளம்ப வேண்டும். இடுப்பில் சாவி இருந்தது, உள்ளே ஃபிட்டர் இருந்தார். சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கால் நகரவில்லை. ஃபிட்டரைக் கூப்பிட்டான். அவர் முழங்காலில் ஊர்ந்து வெளியே வந்து, என்னப்பா அவசரம் என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் வந்தார். பதிவேட்டில் நேரம் எழுதினார், பேனா எழுதவில்லை, வேறு பேனா தேடினார். யார் என்றே முழுசாகத் தெரியாத ஒருத்தருக்காக இத்தனை கவனமும் பார்க்கிறோமே, பெற்ற அப்பாவுக்கு ஏன் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டு முடிக்க மூன்று நிமிஷம் ஆயிற்று.

வண்டியைக் கிளப்புவதற்கு முன் மின்சார அலுவலகத்துக்குப் போட்டான். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் போட்டான். நல்லவேளை, அவர் எடுத்தார்.

தையல்காரம்மா தெருவைக் கடந்து போய்க் கதவைத் தட்டினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கண்டக்டர் சார், கண்டக்டர் சார் என்று அவர் கூப்பிட்டது போனிலேயே தம்பியின் காதைத் துளைத்தது. பதில் இல்லை.

வாசல் சுவரில் மீட்டர் பெட்டி இருக்கிறது, அதைத் திறங்கள் என்றான் தம்பி. உள்ளே வெள்ளைப் பீங்கானில் இரண்டு ஃபியூஸ் இருக்கும். பழைய வீடுகளில் வருகிற கம்பிக்கு ஒன்று, திரும்பிப் போகிற கம்பிக்கு ஒன்று என்று இரண்டு போட்டு வைத்திருந்தார்கள். காய்ந்த மரப் பலகை எதன் மேலாவது ஏறி நின்று, காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, இரண்டையும் பிடுங்க வேண்டும்.

"ரெண்டையும்மா. ஒண்ணை மட்டும் பிடுங்கினா பத்தாது. ரெண்டும் வரணும்."

அவர் வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினுக்கு முன்னால் போட்டு உட்காரும் முக்காலியைக் கொண்டுவந்தார். மேலே ஏறினார். இடது பக்கத்து ஃபியூஸ் சொன்ன பேச்சு கேட்டுக் கையோடு வந்துவிட்டது. அது கருகிக் கிடந்தது. நியூட்ரல் ஃபியூஸ் அதுதான், ஏற்கெனவே செத்துப்போன அதைப் பிடுங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. வலது பக்கத்து ஃபியூஸ் அசையவில்லை. அவர் இன்னொரு தடவை இழுத்தார். உள்ளேயிருந்து சடசடவென்று ஒரு சத்தம் வந்தது. அவர் முக்காலியிலிருந்து இறங்கிவிட்டார்.

"எனக்கு உசுரே போயிடுச்சு தம்பி. என்னால ஆகாதுப்பா."

இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை என்று அவன் கெஞ்சினான். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊசியில் நூல் கோக்கிற கை, இன்றைக்கு முதல் தடவையாக மீட்டர் பெட்டியைத் தொட்டிருக்கிறது.

*

ரயில்வே கேட் மூடியிருந்தது. தம்பியின் வண்டிக்கு முன்னால் ஒரு வேன், பக்கத்தில் தண்ணீர் லாரி, பின்னால் வரிசையாக ஹாரன். குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாமா என்று பார்த்தான். ரயில் வெகு அருகில் வந்துகொண்டிருந்தது.

அக்கா ஆட்டோவில் வருவதாகப் போனில் செய்தி அனுப்பியிருந்தாள். அப்பா போனை எடுக்காததும் தலைமை நர்ஸிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் அவனுக்கு இன்னொரு பயம் பிடித்தது. அவள் நர்ஸ். அப்பா விழுந்து கிடந்தால் முதலில் அவரைத் தொடுவாள். மெஷினோடு ஒட்டிக்கொண்டு நின்றால் இழுத்துவிடப் பார்ப்பாள். விளக்கு எரியாத வீடு, கரண்ட் இல்லை என்ற தைரியத்தில் செய்வாள். அவளும் சேர்ந்து போவாள்.

போன் போட்டான். "அக்கா, அப்பா மெஷின் பக்கத்துல இருந்தா நீ அவரைத் தொடாத."

"அப்பாவைத் தொடாதயா? என்னடா உளர்ற?"

"முதல்ல மீட்டர் பெட்டியில ஃபியூஸைப் பிடுங்கு. அப்புறம் உள்ள போ."

"கரண்ட்டே இல்லாத வீட்டுல ஃபியூஸைப் பிடுங்கி என்ன ஆகப்போவுது? வெளியாள் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அன்னிக்கு ஆடின. இன்னிக்கு அப்பாவைக்கூடத் தொடக் கூடாதா? உன் ரோஷத்துக்கு ஒரு அளவில்லையா?"

அவள் நம்பவில்லை. அவள் ஏன் நம்ப வேண்டும்? நாலு மாதமாக அவன் நியாயம் என்று எதையும் அவளிடம் பேசியதில்லை. அதட்டினால் கேட்கமாட்டாள், கெஞ்சினாலும் காரணம் கேட்பாள். உண்மையைச் சொன்னால்தான் அவள் உயிர் நிற்கும். பக்கத்து வண்டிக்காரன் அவனையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும் என்று தம்பி சொல்லிவிட்டான்.

"அக்கா, அந்த பிளக் பாயின்ட்ல எர்த்தே கிடையாது. நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த்துல சேத்து வச்சிருக்கேன். நான்தான் வச்சேன். ஏழு வருஷமா அப்படியே இருக்கு. இப்ப நியூட்ரல் அந்துடுச்சு. மெஷின் ஒடம்பு பூரா கரண்ட் நிக்குது. அப்பாவைத் தொட்டா உன்னையும் பிடிச்சுக்கும்."

ஆட்டோவின் இரைச்சலுக்கு மேல் அக்காவின் குரல் வந்தது.

"கான்ட்ராக்டரைத் தொரத்தினது இதுக்குத்தானா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் வச்சியா?"

"தெரிஞ்சேதான்."

போன் துண்டானது. அவள் வைத்தாளா, தானாகப் போனதா என்று தெரியவில்லை. ரயில் வந்தது. பெட்டிகள் முடிவேயில்லாமல் போய்க்கொண்டிருந்தன. தம்பி ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

*

அக்கா ஆட்டோ நிற்பதற்குள் குதித்துவிட்டாள். தையல்காரம்மா வாசலில் தவித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு கருகிய ஃபியூஸ். இன்னொன்று வரமாட்டேன் என்கிறது என்று அழுதார்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு சந்து கொல்லைக்குப் போகும். அதன் முடிவில் கம்பிக் கதவு. கதவின் உள்தாழ்ப்பாளைக் கம்பிக்கு நடுவே கைவிட்டுத் திறக்கலாம், சின்ன வயசிலிருந்து அவள் திறந்து பழகிய கதவுதான். அக்கா சந்துக்குள் ஓடினாள்.

கம்பி வழியாக அப்பா தெரிந்தார். இடுப்பில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. மெஷினின் மூடி திறந்திருந்தது. இரண்டு கைகளும் உள்ளே இருந்தன. துணி எடுக்கிறவர்போலத்தான் குனிந்திருந்தார். ஆனால் அவர் எதையும் எடுக்கவில்லை. தோள்கள் வெடவெடவென்று ஆடின. தலை ஒரு பக்கமாகத் திரும்பி, வாய் திறந்திருந்தது. அவர் கண் அவளைப் பார்த்தது என்றே அவளுக்குப் பட்டது.

தாழ்ப்பாளைத் திறந்தால் ஆறு அடியில் அப்பா. திரும்பி ஓடினால் இருபத்தைந்து அடியில் மீட்டர் பெட்டி.

பதினெட்டு வருஷமாக நோயாளியைக் கண்டால் முன்னால் நீளுகிற கை அவளுடையது. அந்தக் கை தாழ்ப்பாள் வரைக்கும் போய்விட்டது. தம்பி சொன்னது பொய்யாக இருந்தால் அப்பாவை விட்டுவிட்டு ஓடிய பாவம் அவளுக்குத்தான். ஆனால் எந்த மனுஷன் தன் தலையில் தானே இப்படி ஒரு பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்வான்? அவள் கையை இழுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள். அந்த இருபத்தைந்து அடியை அவள் ஆயுசு முழுக்க மறக்கப் போவதில்லை.

முக்காலியில் ஏறி, தையல்காரம்மாவின் தோளில் கிடந்த துண்டை உருவிக் கையில் சுற்றி, ஃபியூஸைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். நீலமாக ஒரு பொறி பறந்தது. ஃபியூஸும் அவளுமாக வாசலில் வந்து விழுந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

*

தம்பி வந்து சேர்ந்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

அப்பா முன்னறை நாற்காலியில் சாய்ந்திருந்தார். உயிரோடுதான் இருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் வெந்த புண், முழங்கையில் அடி, முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"துடிப்பு விட்டு விட்டு வருது. எனக்குப் பிடிக்கல. இப்ப எதையும் சொல்லித் தொலைக்காத. அவரு தாங்கமாட்டாரு."

அவன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். அப்பா காதுக்கருவியைச் சரியாக அழுத்திவிட்டுக்கொண்டு, வெந்த கையாலேயே அவன் கையைப் பிடித்தார்.

"ஒட்டிக்கிச்சுடா. எடுக்கவே முடியல. கத்தறேன் கத்தறேன், எனக்கே கேக்கல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். அப்புறம் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "எங்கேயோ இருந்துக்கிட்டு போன்லயே என்னைக் காப்பாத்தினான் பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன், இந்த வீட்டுல இவனைத் தவிர ஒருத்தனும் கை வைக்கக் கூடாதுன்னு."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் விரல் நாடியை விட்டு நகரவில்லை.

தையல்காரம்மா கருகிய ஃபியூஸை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். கரண்ட் இல்லாத வீட்டில் இப்படி அடிக்கும் என்று யாருக்குத் தெரியும், இனிமேல் எதைத் தொடவும் பயமாக இருக்கிறதே என்று புலம்பினார். அப்பா அவருக்குச் சமாதானம் சொன்னார்.

"உங்களுக்கு என்னம்மா பயம்? உங்க வீட்டுலயும் எல்லாம் இவன் போட்டதுதானே."

"அதுவும் சரிதான்," என்று தையல்காரம்மா மூச்சு விட்டார். "அந்த தைரியத்துலதான் மருமகளை மெஷின்ல துணி போடச் சொல்லிட்டு வந்தேன்."

அக்கா சட்டென்று நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அசைத்துக்கொண்டே இருந்தவள், எதிர்வீட்டு வாசலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, ஓடிப்போய் உங்க மெயினை இறக்குங்க," என்றான் தம்பி. "மருமகளை மெஷின்கிட்ட இருந்து தள்ளி நிக்கச் சொல்லுங்க. உங்க வீட்டுலயும் நான் அதே மாதிரிதான் போட்டிருக்கேன்."

என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்பதற்குக்கூட அவர் நிற்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தம்பி அப்பாவின் பக்கம் திரும்பினான். துண்டு வயர், ஞாயிற்றுக்கிழமை, கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் சொன்னான். நாலு வாக்கியம்கூட ஆகவில்லை. நான் உங்களைக் காப்பாற்றவில்லை அப்பா, கொல்லப் பார்த்தேன் என்று முடித்தான்.

அப்பாவுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வாசலில் இருந்த ஒருவர் மெதுவாகப் படியிறங்கித் தன் வீட்டைப் பார்க்க நடந்தார். இன்னொருவர் ஓடினார்.

"எத்தனை வீடு?" என்றார் அப்பா.

"பதினொண்ணு."

அப்பா அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டது. தம்பி எழுந்து அவரைத் தூக்குவதற்காகக் கைகளை நீட்டினான். அவர் தோளைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா என்கூட வருவா. நீ வராத."

"அப்பா..."

"எனக்கு ஏதாச்சும் ஆனா அவ சொல்லுவா. நீ அந்தப் பதினோரு வீட்டையும் அணைச்சிட்டு வா. ஏன்னு கேட்டா இப்ப எங்கிட்ட சொன்னியே, அதையே சொல்லு."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கையை விட்டுவிடாமல் வாசல் பக்கம் தலையை அசைத்தாள்.

எதிர்வீட்டில் மெயினை இறக்கியிருந்தார்கள். மருமகள் சோப்புக் கையோடு வாசலில் நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நின்று பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை. இரண்டாவது வீட்டுக்காரர், அவன் சொல்லி முடிப்பதற்குள் கதவை முகத்தில் சாத்திவிட்டு மெயினை இறக்க ஓடினார்.

மூன்றாவது வீட்டின் மணியை அழுத்தியபோது ஆம்புலன்ஸ் அவன் முதுகுக்குப் பின்னால் கடந்து போனது. கண்ணாடி மங்கலாக இருந்தது. உள்ளே அக்காவின் தலை மட்டும் தெரிந்தது, குனிந்திருந்தது. அவள் இரண்டு கைகளாலும் அப்பாவின் மார்பை வேகமாக அழுத்திக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அவன் பின்னால் இரண்டடி ஓடினான். நின்றான்.

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு அந்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எங்கேயோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அட, தம்பியா? உள்ள வா. ஏன் வாசல்லயே நிக்கற?"